மூன்றாம் வற்று

டோல்ஸ்பரிச் சேற்றில் எங்கள் படகு
இரண்டு மணிநேரம் மிதக்கும்.
மிச்ச நேரமெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து
கோபித்துக்கொண்டு படுத்திருக்கும்.
இருபத்துமூன்று அடி.
வாங்கும்போதே 'விம்பிரல்' என்று எழுதியிருந்தது,
ஏதோ சேற்றுப் பறவையாம், மாற்றவில்லை.
நவம்பரில் உள்ளே படுத்தால்
நான் விட்ட மூச்சே கூரையில் குளிர்ந்து
என் கழுத்தில் சொட்டும்.

ஆகவே டீசல் ஹீட்டர்.
பெட்டிக்குள் எல்லாம் இருந்தது:
பால்நிறப் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று, நான்கு திருகாணி,
எந்த மொழியோடும் ஒத்துப்போகாத கையேடு.
சுதர்மன் ஒரு துண்டுக் கயிற்றை எடுத்தான்.
"பத்து லீட்டர்தானே, எங்க ஓடப் போகுது?"

நான் செம்ஸ்ஃபோர்டில் எக்ஸ்ரே எடுப்பவள்.
எங்கே ஓடும், எதில் போய் மோதும்
என்பதைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவள்.
சாய்ந்த படகில் பத்து லீட்டர்
பத்து லீட்டராக இருப்பதில்லை,
அது கொம்பு முளைத்த கிடாய்.

தாங்கி என்று பெயர் வைத்தவர்கள்
தாங்கியை எது தாங்கும் என்று சொல்லாமல் போனார்கள்.
கனத்த ஒட்டுப்பலகையில் ஒரு மேடை அடித்தோம்,
அடியில் ரப்பர், குறுக்கே இரண்டு எஃகுப் பட்டி.
பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
எஃகுத் தாங்கி கேட்டபோது
படகுச் சாமான் கடை ஹேசல்
வாயில் பென்சிலோடு சொன்னாள்:
அடியில் துளையிட்டதை வாங்காதே,
மேலிருந்து உறிஞ்சட்டும்.
ஹீட்டருக்குக் கீழே வை.
குழாய் அறுந்த இரவிலும்
எண்ணெய் தன் வீட்டிலேயே கிடக்கும்.

தாங்கிக்கும் மூச்சு வேண்டும்.
அதன் மூச்சு எங்கள் மூச்சோடு கலக்கக் கூடாது.
அன்னக்கழுத்தாய் வளைத்த குழாய் ஒன்று
வெளியே போனது.
நிரப்பும் வாய்க்கு மேல்தளத்தில் ஓட்டை.
மிதக்க வேண்டிய ஒன்றில்
தெரிந்தே துளையிடுகிறேன் என்று
துரப்பணம் சுழலத் தொடங்கியதும்தான் உறைத்தது.
கண்ணை மூடவில்லை. மூட நினைத்தேன்.

கசிதல் பாட்டில் நல்ல சொல்.
எண்ணெய்க்கு ஆகாது.
தாங்கியின் அடியில், மூட்டுகளின் அடியில்
வெள்ளை டிஷ்யூத் தாள் விரித்தோம்.
சாய்த்துப் பார்க்க ஆள் பிடிக்கவில்லை,
கடல் வற்றியது, படகு தானே சாய்ந்தது.
முதல் வற்று: தாள் உலர்ந்திருந்தது.
இரண்டாம் வற்று: உலர்ந்திருந்தது.
சுதர்மன் தேத்தண்ணீர் போட்டான், கொண்டாட்டமாக
இரண்டு கரண்டி சீனி.

மூன்றாம் வற்றில், அதிகாலை நாலரைக்கு,
ஐந்து பென்ஸ் காசளவில் ஓர் இளஞ்சிவப்பு வட்டம்.

சிறுதுளி பெருவெள்ளம்.
சேமிப்புக்கு என்று படிப்பித்தார்கள்.
எச்சரிக்கை என்றும் வாசிக்கலாம் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

பம்புக்குப் போகும் குழாயில்
இரட்டைக் கவ்வி போடவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.
மற்றது எங்கே என்று தேடினோம்,
இருக்கைக்குக் கீழே, கருவிப்பெட்டியில்,
சேற்றில் விழுந்திருக்கும் என்று வெளியேகூட டோர்ச் அடித்து.
அவன் சட்டைப் பையில் இருந்தது.
நான் ஒன்றும் பேசவில்லை.
அவன் நிறையப் பேசினான்.

அடுத்த நாலு வற்றும் தாள் வெள்ளை.
பிறகுதான் ஆளியைத் தட்டினோம்.
சரிவாய்ப் பொருத்திய பம்ப்
டிக், டிக், டிக் என்று எண்ணத் தொடங்கியது.
தலைமாட்டில், மணமில்லாத நஞ்சுக்குக் காவலாக,
மின்மினியளவில் ஒரு பச்சை விளக்கு.
கூரை உலர்ந்தது. என் கையுறை
உலர்ந்து மீன் மாதிரி விறைத்தது.

சுதர்மன் உறங்கிவிட்டான்.
தண்ணீர் இறங்குகிறது, படகு சாயத் தொடங்குகிறது,
நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு
முழங்காலில் போகிறேன்.
டிஷ்யூவை இன்னும் எடுக்கவில்லை.